இன்று நாளிதழ் வெளிவரவில்லை

பெங்களூரு மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில், ஒரு துணிக்கடையின் மாடியில் நடந்து வரும் 'தின நாழிகை' நாளிதழின் ஊழியர் சங்கம், ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கூடி, வேலைநிறுத்தம் செய்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. சங்கத்தில் பதினேழு பேர். பதினேழு பேரும் கை தூக்கினார்கள், வீட்டிலிருந்த ஒருவர் போனிலேயே. ஒருவர் உற்சாகத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அதனால் எண்ணிக்கை பதினெட்டு வந்தது. எந்த நாள் நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது, எதை நிறுத்துவது, எதை நிறுத்தாமல் விடுவது என்ற சின்னச் சின்ன விஷயங்களில் மட்டும் லேசான கருத்து வேறுபாடு இருந்தது. அதெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார் சங்கத் தலைவர் ராமலிங்கம். அவர் ஆபீஸில் தலைமை உதவி ஆசிரியர். மற்றவர்கள் எழுதுவதை வெட்டுவது அவர் வேலை.

வேலைநிறுத்தத்துக்குக் காரணம் ஜோசஃபின்.

ஜோசஃபின் பக்கம் கட்டுகிறவர். எழுதுகிறவர்கள் எழுதிப் போட்டதையும், படத்தையும், விளம்பரத்தையும் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று இடிக்காமல் உட்கார வைத்து ஒரு பக்கமாக ஆக்கித் தருவார். பத்தொன்பது வருஷமாக அதையே செய்கிறார். அதிகம் பேச மாட்டார். யாராவது சத்தமாகப் பேசினால் மவுஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குச் செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது.

"தங்களது பத்தொன்பதாண்டு கால அயராத உழைப்பைக் கருத்திற்கொண்டு, தங்களைச் சந்தாபுராவில் உள்ள நமது அச்சகத்திற்கு, 'காகித உருளை மேற்பார்வையாளர்' எனும் புதிய பதவிக்கு உயர்த்துவதில் நிர்வாகம் பெருமகிழ்ச்சி அடைகிறது. வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தாங்கள் உருளைகள் முன்பு ஆஜராக வேண்டும்."

காகித உருளை என்பது பேப்பர் அச்சடிக்கிற காகிதத்தைச் சுற்றி வைத்திருக்கிற பெரிய சுருள். ஒன்று அரை டன் இருக்கும். நாலு பேர் சேர்ந்து தள்ளினால்தான் நகரும். இதுவரை எந்த உருளையும் யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டதாகத் தகவல் இல்லை. இருந்தாலும் மேற்பார்வை வேண்டுமாம். ஏனென்றால் முதலாளி ஒரு ஸ்டார் ஹோட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்திருந்தார். இனிமேல் பக்கத்தையெல்லாம் மென்பொருளே கட்டிவிடும், ஆள் வேண்டாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். மென்பொருளை இன்னும் வாங்கவில்லை. முதலில் ஆளை அனுப்பிவிட்டால் பிறகு வாங்கத் தோன்றும் என்பது திட்டம்.

ஜோசஃபினுக்கு வீடு லிங்கராஜபுரத்தில். அங்கிருந்து சந்தாபுரா ஊரின் மறுகோடி. மகள் ஜூலியா இரண்டாம் வகுப்பு. மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் கேட்டருகே அம்மா நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தப் பிள்ளை வாட்ச்மேனிடம்கூடப் பேசாது. அப்படியே பையைக் கட்டிக்கொண்டு அழும். அதற்காகவே ஜோசஃபின் காலை ஏழரைக்கு வந்து இரண்டு மணிக்குள் எல்லாப் பக்கத்தையும் கட்டி முடித்துவிடுவார். 'தின நாழிகை'யில் செய்தி என்று ஒன்று இருந்தால் அது பகல் இரண்டு மணிக்குள் நடந்துவிட வேண்டும். அதற்குமேல் நடப்பது மறுநாள் நடந்ததாகவே கருதப்படும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜோசஃபின் முதலில் சுஹாஸிடம்தான் போனார். சுஹாஸ் மனிதவள அதிகாரி. அந்தப் பெயர் பழசாகிவிட்டது என்று போன வருஷம் 'மகிழ்ச்சி அதிகாரி' என்று மாற்றிக்கொண்டார். மைசூர்க்காரப் பையன், தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். கெட்டவர் இல்லை. யார் அழுதாலும் சிரித்த முகமாகவே கேட்டுக்கொள்வார்.

"சார், பாப்பாவுக்கு மூணரைக்கு ஸ்கூல் விட்டுடும். வீட்டுக்காரர் ஏற்கெனவே பொம்மசந்திரா கம்பெனியில ஷிப்ட்டு. நானும் அந்தப் பக்கமே போயிட்டா பிள்ளைய யாரு கூட்டிட்டு வர்றது?"

"டென்ஷன் பேடா, வேணாம் மேடம். நீங்க நெகட்டிவா பாக்கறீங்க. ஹஸ்பெண்ட் பொம்மசந்திரா, நீங்க சந்தாபுரா. அக்கபக்கதல்லே, பக்கம் பக்கம்! லஞ்ச்கூட சேந்து சாப்பிடலாம்."

"பிள்ளை லிங்கராஜபுரத்துல இருக்கு சார்."

"மெட்ரோ வந்துடுச்சல்லா, பொம்மசந்திரா வரைக்கும்?"

"எங்க வீட்டுலேருந்து மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போறதுக்கே ரெண்டு பஸ்ஸு மாறணும் சார்."

"உங்க ஃபீலிங்ஸ் எனக்கு ரொம்ப முக்கியம்" என்றார் சுஹாஸ். "இந்த ஃபாரத்துல ஒரு டிக் போட்டுடுங்க."

ஃபாரத்தில் மூன்று மூஞ்சிகள் இருந்தன. ஒன்று சிரித்தது. இரண்டாவது பெரிதாகச் சிரித்தது. மூன்றாவது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. ஜோசஃபின் மூன்றாவதை டிக் செய்தார். கண்ணில் தண்ணீர் என்ற அளவுக்கு அது உண்மையாகவே இருந்தது.

இதைக் கேட்டதும் சங்கச் செயலாளர் நோயல் கொதித்துப் போனார். நோயல் நிருபர். கோலார் தங்கவயல்காரர்.

"எங்க தாத்தா சுரங்கத்துக்குள்ள எட்டாயிரம் அடி கீழ நின்னு ஸ்ட்ரைக் பண்ணவரு! நாம மாடியில நின்னு பண்ண மாட்டோமா? அக்கா, நீங்க கவலைப்படாதீங்க. நோட்டீஸ் நான் எழுதறேன்."

எழுதினார். நல்ல நோட்டீஸ்தான். முதல் வரியில் தாத்தா, இரண்டாம் வரியில் தங்கம், மூன்றாம் வரியில் ரத்தம். ராமலிங்கம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் பேனா எடுக்காமல் அவரால் படிக்க முடியாது. வீட்டில் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் திருத்திவிட்டுத்தான் கல்யாணத்துக்குப் போவார்.

"ஏம்பா நோயல், இதுல ஒரு தரப்புதானே இருக்கு? நிர்வாகத்தோட கருத்து எங்க?"

"சார், இது ஸ்ட்ரைக் நோட்டீஸ். நிர்வாகத்துக்கு எதிரா குடுக்கறது."

"எதிரா குடுக்கறதுன்னா தர்மம் வேண்டாமா? நாப்பத்தோரு வருஷப் பேப்பர் இது. மறுதரப்பக் கேக்காம ஒரு வரி போட்டதில்ல. போய்க் கேட்டுட்டு வா."

நோயல் போய், தாங்கள் செய்யப்போகும் வேலைநிறுத்தம் பற்றி நிர்வாகம் என்ன நினைக்கிறது என்று சுஹாஸிடம் கேட்டார். சுஹாஸ் இருநூறு வார்த்தை நினைத்தார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பதில் ஆரம்பித்து, சந்தாபுராவின் சுத்தமான காற்று வரைக்கும் சொன்னார். கேட்டதையெல்லாம் நடுநிலையோடு நோயல் சேர்த்தார். நோட்டீஸ் இரண்டு பக்கம் வந்துவிட்டது.

"நீளம்" என்றார் ராமலிங்கம். "ஒரு பக்கத்துக்குள்ள வரணும்."

பத்திரிகை ஆபீஸில் எதையும் அடியிலிருந்துதான் வெட்டுவது வழக்கம். முக்கியமானது மேலே இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. நோயல் கோரிக்கையைக் கடைசியில் வைத்திருந்தார். முத்தாய்ப்பாக இருக்கட்டும் என்று. வெட்டி முடித்தபோது தாத்தா இருந்தார், தங்கம் இருந்தது, ஒரே குடும்பம் இருந்தது, சுத்தமான காற்று இருந்தது. ஜோசஃபினின் இடமாற்றத்தை ரத்து செய்ய வேண்டும் என்ற வரி மட்டும் இல்லை.

சுஹாஸ் அதைப் படித்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பஹள பாசிட்டிவ்வா இருக்கு சார்" என்று அறிவிப்புப் பலகையில் அவரே ஒட்டினார். நோட்டீஸ் கொடுத்தாயிற்று என்று சங்கக் குறிப்பேட்டில் ஏறியது.

வியாழக்கிழமை, நாள் குறிக்கக் கூட்டம் போட்டார்கள். அதற்குள் சங்கத்தில் மூன்று அணிகள் உருவாகியிருந்தன. நோயல் தலைமையில் முழுநாள் அணி. ராமலிங்கம் தலைமையில் அரைநாள் அணி. பெண்கள் பக்கம் பார்க்கும் ராதா தலைமையில் கருப்பு பேட்ஜ் அணி. நாலாவதாக மௌன ஆதரவு அணி என்று ஒன்று இருப்பதாகவும் சொன்னார்கள். ஆனால் அவர்கள் கூட்டத்துக்கு வராததால் உறுதி செய்ய முடியவில்லை.

"நாளைக்கே நிறுத்துவோம்" என்றார் நோயல்.

பொருளாளர் ரவிக்குமார் தலையை ஆட்டினார். அவர் விளையாட்டுப் பக்கமும் ராசிபலனும் எழுதுகிறவர். "நாளைக்கு வேணாம் நோயல். எனக்கு கன்னி ராசி. புது முயற்சி எதுவும் வேணாம்னு போட்டிருக்கு."

"எதுல போட்டிருக்கு?"

"நம்ம பேப்பர்லதான்."

"நம்ம பேப்பர்ல ராசிபலன் எழுதறது யாருய்யா?"

"நான்தான். அதுக்காக எனக்குப் பலிக்காதுன்னு ஆயிடுமா?"

கன்னி ராசிக்காரர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

"வெள்ளிக்கிழமை வேற பாரம்பரிய உடை நாளு" என்றார் ராதா. வாரம் ஒரு நாள் எல்லாரும் பட்டு வேட்டி, பட்டுப்புடவையில் வர வேண்டும் என்று சுஹாஸ் கொண்டுவந்த ஏற்பாடு அது. "நான் மாம்பழக் கலர் பட்டு எடுத்து வச்சிட்டேன். அதுக்கு மேல கருப்பு பேட்ஜ் குத்தினா நல்லாவா இருக்கும்? மாம்பழக் கலர்லயே பேட்ஜ் குத்திக்கலாமே?"

அந்த யோசனை ஏற்கப்பட்டது. மறுநாள் ஏழெட்டுப் பேர் மஞ்சள் பேட்ஜ் குத்தி எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். சுஹாஸ் ரொம்ப அழகாக இருக்கிறது என்று தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டார்.

ஷெர்வின் பிரச்சினை தனி. அவர் இணையப் பதிப்பைப் பார்த்துக்கொள்கிறவர். நாலு வருஷமாக வீட்டிலிருந்தே வேலை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்கள்.

"நான் எப்படி சார் ஸ்ட்ரைக் பண்றது? ஆபீஸ்க்கு வராம இருக்கணும்னா நான் எப்பவுமே வர்றதில்லையே?"

"கேமராவ ஆஃப் பண்ணிடு" என்றார் நோயல்.

"அது நாலு வருஷமா ஆஃப்லதான் இருக்கு."

"அப்ப என்னதான் பண்ணுவே?"

"வேணும்னா அன்னைக்கு ஒரு நாள் ஆபீஸ்க்கு வந்துடறேன் சார்."

தியாகம் என்றால் இதுதான் என்று கைதட்டினார்கள்.

ஜோசஃபின் அதுவரைக்கும் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். மணி ஒன்று நாற்பது. "சார், திங்கக்கிழமைக்குள்ள ஏதாவது ஒண்ணு ஆயிடுமா சார்?" என்று மெல்லக் கேட்டார்.

"அவசரப்படாதம்மா" என்றார் ராமலிங்கம். "உன் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினையெல்லாம் இப்ப சங்கத்துல இருக்கு."

வெள்ளிக்கிழமை மறுபடியும் கூடினார்கள். ஆயுத பூஜை அன்று வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். அன்றைக்கு ஆபீஸே லீவு, யாருக்கும் சிரமமில்லை, நூற்றுக்கு நூறு வெற்றி. நல்ல யோசனைதான். ஆனால் அதற்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. கடைசியில் வேறு கிழமை மிச்சமில்லாததால், சனிக்கிழமை முழுநாள் வேலைநிறுத்தம், ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வராது என்று முடிவாயிற்று. எல்லாரும் எழுந்து நின்று கைகுலுக்கினார்கள். ஜோசஃபினுக்கு முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

அப்போதுதான் நோயலுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"சார், ஒண்ணு கேக்கறேன். நாம ஸ்ட்ரைக் பண்ணோம்ங்கறது வெளிய எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல வருமே."

"எந்தப் பேப்பர்ல?"

ஒரு பத்திரிகை ஆபீஸில் நடக்கிற தகராறை இன்னொரு பத்திரிகை போடாது. அது இந்தத் தொழிலில் ஒரு மரியாதை. இன்றைக்கு உன் வீட்டுச் சண்டையை நான் போட்டால் நாளைக்கு என் வீட்டுச் சண்டையை நீ போடுவாய். அதனால் ஊர்ச் சண்டை எல்லாம் வரும், பேப்பர்காரர்கள் சண்டை மட்டும் எதிலும் வராது.

"அப்ப நம்ம பேப்பர்லதான் வரணும்" என்றார் ரவிக்குமார்.

"நம்ம பேப்பர்தான் அன்னைக்கு வராதே."

"வராதுங்கற செய்தி வரணும்னா பேப்பர் வந்துதானே ஆகணும்?"

ராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேப்பர்ல வராத விஷயம் நடந்ததுக்குச் சமமா? இல்ல. அப்ப நம்ம ஸ்ட்ரைக் நடக்கணும்னா நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வந்தாகணும்."

இதற்கு மூன்று அணியும் ஒத்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்க அவர்கள் உடனே ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

முதல் பக்கம் மட்டும் போதும் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் அச்சடிக்க முடியாது. காகிதத்துக்கு நாலு பக்கம் உண்டு. நாலு பக்கம் போட்டால் ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் கொள்ளாது. எட்டாக்கினார்கள். சினிமா இணைப்பிதழ் இல்லாமல் முகவர்கள் கட்டைத் தொட மாட்டார்கள் என்று அதையும் சேர்த்தார்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே எல்லாரும் வந்துவிட்டார்கள். 'தின நாழிகை' வரலாற்றில் முழு வருகை பதிவான முதல் நாள் அது. ஷெர்வின் நேரில் வந்திருந்தார். அவரை யாருக்கும் அடையாளம் தெரியாமல் கூரியர் பையன் என்று நினைத்து ராதா கையெழுத்துப் போட வந்தார்.

"ஜோசஃபின் அக்கா, உக்காருங்க. முதல் பக்கம் நீங்கதான் கட்டணும்."

"எனக்காகத்தானே ஸ்ட்ரைக்கு? நானே வேலை செஞ்சா எப்படி தம்பி?"

"உங்களுக்காகத்தானேக்கா? நீங்களே செய்யலைன்னா வேற யார் செய்வாங்க?" என்றார் நோயல்.

ஜோசஃபின் உட்கார்ந்தார்.

தலைப்பு எட்டுப் பத்தி அகலத்துக்கு வந்தது: "வேலைநிறுத்தம் மாபெரும் வெற்றி! ஊழியர் ஒருவர்கூடப் பணிக்கு வரவில்லை. இன்று நாளிதழ் வெளிவரவில்லை." அதற்கு ஒரு படம் வேண்டும். வெறும் நாற்காலிகள் படம்தான் பொருத்தம் என்று எல்லாரையும் எழுந்து போய்ச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். படம் எடுக்க இரண்டு நிமிஷம் ஆனது. கணக்குப் பார்த்தால் அந்த இரண்டு நிமிஷம்தான் வேலைநிறுத்தம். அதிலும் ராமலிங்கம் நின்றபடியே ஒரு செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

மணி ஒன்றே கால் ஆகும்போது பக்கம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நோயல் எழுதிய செய்தி நீளமாக இருந்ததால் ராமலிங்கம் வழக்கம்போல் அடியிலிருந்து வெட்டினார். இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டார். வேலைநிறுத்தம் எதற்காக என்ற பத்தி போய்விட்டது. பக்கத்தின் கீழே வலது மூலையில் மூன்று அங்குலம் காலியாக நின்றது.

"சார், கீழ மூணு இஞ்ச் காலியா இருக்கு. என்ன போடட்டும்?"

ராமலிங்கம் அப்போது நோயலோடு, 'மாபெரும்' என்பதா 'வரலாறு காணாத' என்பதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "ஏதாவது போட்டு நிரப்பிடும்மா" என்றார்.

ஜோசஃபின் திரையைப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ ஓட்டையை நிரப்பியிருக்கிறார். எலுமிச்சையின் பயன்கள், கண்ணுக்குப் பயிற்சி, காணாமல் போன பசு. தானாக ஒரு வரி எழுதியதில்லை. இன்றைக்கு மாதாவை நினைத்துக்கொண்டு அடித்தார்.

"இடமாற்றம் ரத்து: முதலாளிக்குப் பாராட்டு. மல்லேஸ்வரம்: 'தின நாழிகை' ஊழியர் ஜோசஃபினைச் சந்தாபுராவுக்கு மாற்றும் உத்தரவை நிர்வாகம் ரத்து செய்தது. தாய்மார்கள்பால் அக்கறை கொண்ட முதலாளியின் இம்முடிவைப் பல தரப்பினரும் பாராட்டியுள்ளனர்."

பல தரப்பினர் யார் என்று எந்தப் பேப்பரிலும் யாரும் கேட்பதில்லை. மூன்று அங்குலத்துக்குச் சரியாக வந்தது. பக்கத்தைச் சந்தாபுராவுக்கு அனுப்பிவிட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை 'தின நாழிகை' வழக்கம்போல் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வாசகர்கள் படித்தார்கள். ஏழரை மணியிலிருந்து ஆபீஸ் போன் அடித்தது.

"இன்னைக்குப் பேப்பர் வரலையாமே?"

"யாரு சார் சொன்னாங்க?"

"பேப்பர்ல போட்டிருக்கே. மாசக் காசுல கழிச்சுக்குவீங்கல்ல?"

திங்கட்கிழமை ஜோசஃபின் சந்தாபுராவுக்குப் போகவில்லை. ஏழரைக்கே மல்லேஸ்வரத்துக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து மணிக்குச் சுஹாஸ் சிரித்தபடி எல்லாரையும் கூப்பிட்டார். கையில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் இருந்தது.

"கங்கிராட்ஸ் எல்லாருக்கும். ஸ்ட்ரைக் சக்சஸ். அதனால ஒரு நாள் சம்பளம் கட்."

"என்ன சார் அநியாயம்!" என்று நோயல் குதித்தார். "சனிக்கிழமை நாங்க எல்லாரும் வேலை செஞ்சோம்! மத்த நாளைவிட அதிகமா செஞ்சோம்!"

"ஒருத்தரும் வரலைன்னு இருக்கல்லா? போட்டோகூட இருக்கு. காலி சேர்." சுஹாஸ் ராமலிங்கத்தைப் பார்த்தார். "தப்பான நியூஸ்னா சொல்லுங்க சார். நாளைக்கே 'தவறுக்கு வருந்துகிறோம்'னு போட்டுடலாம்."

ராமலிங்கத்தின் முகம் வெளுத்தது. நாற்பத்தொரு வருஷத்தில் 'தின நாழிகை' ஒரு திருத்தம்கூடப் போட்டதில்லை. ஒருமுறை, ஒரு மேம்பாலம் திறக்கப்பட்டது என்று அவசரத்தில் போட்டுவிட்டார்கள். அது இன்றுவரை திறக்கப்படவில்லை. அதற்காக மறுப்பா போட முடியும்? ஆபீஸ் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான்.

"நம்ம பேப்பர்ல வந்தது பொய்னு நானே சொல்லணுமா?" என்றார் அவர். "சம்பளம் போனாப் போகட்டும். நாங்க வேலை செய்யல."

"செஞ்சோம் சார்!" என்றது ஓர் அணி.

"செய்யல!" என்றது இன்னோர் அணி.

அந்தச் சண்டை நடக்கும்போதே முதலாளி உள்ளே வந்தார். அவருக்குப் பேப்பர் படிக்கிற வழக்கமில்லை. மற்றவர்கள் படித்துச் சொல்வதைக் கேட்டுக்கொள்வார். நேற்றிலிருந்து அவருக்கு நாற்பது போன் வந்திருந்தது. ஒரு மாதர் சங்கத்திலிருந்து சால்வை கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள். மனிதர் பூரித்துப் போயிருந்தார்.

"சுஹாஸ், அந்தம்மா டிரான்ஸ்ஃபர நான் எப்ப கேன்சல் பண்ணேன்?"

சுஹாஸ் பேப்பரைப் பார்த்தார். "சனிக்கிழமை சார். ஃப்ரண்ட் பேஜ்லயே இருக்கு."

"பேப்பர்லயே வந்துடுச்சா?" முதலாளி கொஞ்சம் யோசித்தார். "அப்ப பண்ணியிருப்பேன்."

போய்விட்டார். ஜோசஃபின் மூச்சை விட்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. நோயல், "பாத்தீங்களாக்கா சங்கத்தோட பலத்த!" என்று அவர் மேஜையைத் தட்டிவிட்டுப் போனார்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சந்தாபுராவில் ஒரு பதவி உண்டாக்கியாகிவிட்டது. அதற்கு ஒப்புதல் வந்து, ஒரு நாற்காலியும் வாங்கியாயிற்று. ஆள் இல்லை என்பதற்காகப் பதவியை எடுக்கலாம். நாற்காலி வாங்கிய பதவியை எடுக்க விதி இல்லை. யாராவது ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும், செவ்வாய்க்கிழமைக்குள் பெயரைச் சொல்லுங்கள் என்று சுஹாஸ் சங்கத்திடமே விட்டுவிட்டார்.

அன்றைக்கு மதியத்துக்குள் அந்த மூன்று அங்குல ரகசியம் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது. யாரும் வெளியே பேசவில்லை. ஒவ்வொருவராக ஜோசஃபின் மேஜைப் பக்கம் வந்தார்கள். குரலைத் தணித்து, சுற்றுமுற்றும் பார்த்து, ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போனார்கள்.

முதலில் வந்தவர் நோயல். "அக்கா, கீழ கொஞ்சம் இடம் இருந்தா இதப் போட்டுடுங்க." சீட்டில், 'மூத்தவரும் அனுபவசாலியுமான தோழர் ராமலிங்கம் சந்தாபுரா மேற்பார்வையாளராக நியமனம்' என்று இருந்தது.

பத்து நிமிஷம் கழித்து ராமலிங்கம் வந்தார். 'இளைஞரும் எழுச்சி மிக்கவருமான தோழர் நோயல்' என்று திருத்தமான கையெழுத்தில் எழுதியிருந்தார். ராதா, ரவிக்குமார் பெயரை எழுதியிருந்தார். ரவிக்குமார், கன்னி ராசிக்காரர்கள் தவிர யாராக இருந்தாலும் சரி என்று எழுதியிருந்தார். ஷெர்வின் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மௌன ஆதரவு அணி அப்போதுதான் முதல்முறையாக வெளியே வந்தது. மொத்தம் பதினாறு சீட்டு. ஒருவர்கூடத் தன் பெயரை எழுதவில்லை. ஒருவர்கூடத் தோழர் என்ற வார்த்தையை விட்டுவிடவும் இல்லை.

மணி ஒன்று ஐம்பது. ஜோசஃபின் பதினாறையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒருத்தர் பெயரைப் போட்டால் அவர் மனசு கஷ்டப்படும். ஒருத்தர் சீட்டை விட்டால் எழுதினவர் மனசு கஷ்டப்படும். இவ்வளவு பேரும் தனக்காகக் கை தூக்கியவர்கள். யாரையும் நோகடிக்க அவருக்கு மனம் வரவில்லை. எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அடித்தார்:

"சந்தாபுரா பணிக்குப் பலத்த போட்டி. 'தின நாழிகை' அச்சகத்தில் பணியாற்ற ஊழியர்கள் பதினாறு பேரும் ஆர்வம். பெயர்ப் பட்டியல் நிர்வாகத்திடம்."

மறுநாள் யாரோ முதலாளிக்குப் படித்துச் சொன்னார்கள். அவர் கண் கலங்கிவிட்டார்.

"ஒருத்தரை அனுப்பறதுக்கு நான் எவ்வளவு தயங்கினேன்! பாரு சுஹாஸ், பதினாறு பேரும் ஆசைப்படறாங்க. ஒருத்தரை அனுப்பி பதினஞ்சு பேர ஏமாத்தறதா? எல்லாரையும் அனுப்பு. இங்க வாடகையும் மிச்சம்."

"ஜோசஃபின் மேடம்?"

"அந்தம்மா பேரு பட்டியல்ல இல்லையே. விருப்பமில்லாதவங்கள வற்புறுத்தக் கூடாது. ஒரு மேஜை போதும், இங்கயே இருக்கட்டும்."

இப்போது ஜோசஃபின் மல்லேஸ்வரத்தில் ஒரு சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து பக்கம் கட்டுகிறார். மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட கேட்டருகே நிற்கிறார். மற்ற பதினாறு பேரும் தினமும் காலையில், பன்னிரண்டு பேர் உட்காரக்கூடிய ஓர் ஆபீஸ் வேனில் சந்தாபுராவுக்குப் போகிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்வது சந்தாபுராவிலிருந்து செய்வதற்கு ஈடாகாது என்று ஷெர்வினுக்கும் கடிதம் வந்துவிட்டது.

போன வாரம் வேன் சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரமாக நின்றிருந்தது. ராமலிங்கம் நோயலின் மடியில் பாதியும், தீயணைப்பு சிலிண்டர் மேல் பாதியுமாக உட்கார்ந்து அன்றைய பேப்பரைப் பிரித்தார். முதல் பக்கத்தில் கீழே மூன்று அங்குலத்தில் ஒரு செய்தி இருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் சுஹாஸ். அடியிலிருந்து வெட்ட ராமலிங்கம் அந்த ஆபீஸில் இல்லை.

"என்ன சார் போட்டிருக்கு?" என்று பின்னாலிருந்து ரவிக்குமார் கேட்டார். அவர் முகம் ராதாவின் கைப்பைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்தது.

ராமலிங்கம் படித்தார். "சந்தாபுரா பயணம் மிகவும் சுகமாக இருப்பதாக ஊழியர்கள் மகிழ்ச்சி."

வேனில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கடைசியில் நோயல்தான் காலை மெல்ல நகர்த்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நேத்தைக்கு இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லதான் சார்."